மாதவிடாய் நாட்களில் படிப்பு: மலையகத் தங்கை ஒருவரின் கேள்விக்குப் பதில்

மஸ்கெலியாப் பக்கத் தோட்டம் ஒன்றிலிருந்து வந்து, மலைநாட்டிலேயே ஒரு பல்கலைக்கழகத்தில் இரண்டாம் வருடம் படிக்கும் தங்கை ஒருவர் கேட்டிருக்கிறார்: "ஒவ்வொரு மாதமும் முதல் இரண்டு நாள் கட்டிலை விட்டு எழும்ப முடிவதில்லை அக்கா. லெக்சர் தவறுகிறது, பிரக்டிக்கல் தவறுகிறது, வரவு குறைகிறது. வருகிற செமஸ்டர் பரீட்சையும் அந்த நாளில்தான் விழும் போலிருக்கிறது. ரூமில் இருக்கும் மற்ற மூன்று பேரும் சமாளிக்கிறார்கள். எனக்கு மட்டும்தான் மனத்தைரியம் இல்லையா? அந்த நாட்களில் படிப்பது எதுவும் மண்டையில் ஏறுவதில்லையே, மூளையும் மந்தமாகிவிடுமா?"

நானும் தோட்டத்துப் பிள்ளைதான். பல வருடங்கள் பெண்கள் விடுதியொன்றில் சப்-வோர்டனாக இருந்தவள். இந்தக் கேள்வியை நேராகக் கேட்டவர்களைவிட, கேட்க வந்து வாசலில் நின்றுவிட்டுத் திரும்பிப் போனவர்கள் அதிகம். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

மூளையில் இருந்தே தொடங்குவோம். 2025இல் மெல்பேர்ன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இந்த விஷயத்தில் அதுவரை நடந்த 102 ஆய்வுகளைச் சேர்த்து அலசிப் பார்த்தார்கள். கவனம், ஞாபகசக்தி, யோசிக்கும் வேகம் என்று எதை எடுத்தாலும், மாதவிடாய்ச் சுழற்சியின் எந்தக் கட்டத்திலும் பெண்களின் அறிவுத்திறன் குறைவதாக உறுதியான ஆதாரம் எதுவும் அவர்களுக்குக் கிடைக்கவில்லை. ஆகவே நீங்கள் மந்தமாகவில்லை. உங்களுக்கு வலிக்கிறது, அவ்வளவுதான். இரவெல்லாம் தூங்காமல், வாந்தி எடுத்து, வெறும் வயிற்றோடு காலை எட்டு மணி லெக்சரில் உட்கார்ந்தால் யாருக்குமே ஒன்றும் ஏறாது.

இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. "பொம்பளப் பிள்ளைன்னா மாசத்துல நாலு நாள் அப்படித்தான்" என்று நம்பிவிட்டால் செய்வதற்கு ஒன்றும் மிஞ்சாது. வலிதான் காரணம் என்றால் அதற்கு மருந்து இருக்கிறது. தண்ணீர் வராத கக்கூஸ்தான் காரணம் என்றால் பைப்பைத் திருத்தலாம். வரவு விதிதான் காரணம் என்றால் விதியை மாற்றலாம். உங்கள் படிப்பைக் கெடுப்பவை எல்லாமே இந்த மாதிரி, கை வைத்தால் மாறக்கூடிய விஷயங்கள்தான்.

அடுத்தது மனத்தைரியம். 2019இல் வெளியான ஓர் ஆய்வுத் தொகுப்பு, பல நாடுகளிலும் நடந்த 38 ஆய்வுகளில் இருந்து 21,573 இளம் பெண்களின் விவரங்களை ஒன்றாக்கியது. அதில் 71 சதவீதம் பேருக்கு மாதவிடாய் வலி இருந்தது. ஐந்தில் ஒருவர் அந்த வலியால் பாடசாலைக்கோ பல்கலைக்கழகத்துக்கோ போகாமல் இருந்திருக்கிறார். வகுப்பில் கவனம் குறைகிறது, செய்கிற வேலை பாதிக்கிறது என்றவர்கள் 41 சதவீதம். உங்கள் ரூமில் நான்கு பேர் இருக்கிறீர்கள். இந்தக் கணக்கை வைத்துப் பார்த்தால் உங்களைத் தவிர இன்னும் ஒருவராவது பல்லைக் கடித்துக்கொண்டுதான் போய் வருகிறார். அதே வருடம் நெதர்லாந்தில் 32,748 பெண்களிடம் கேட்டபோதும் இதே கதைதான். வேலைக்கோ வகுப்புக்கோ வராமல் நின்றவர்கள் 14 சதவீதம். வந்து உட்கார்ந்தும் வேலை ஓடவில்லை என்றவர்கள் 80 சதவீதத்துக்கும் மேல். லீவு எடுத்தவர்களில் ஐந்தில் ஒருவர்தான் உண்மைக் காரணத்தைச் சொல்லியிருக்கிறார்.

நம் விடுதிகளிலும் அப்படித்தான். லீவுக் கடிதங்களில் காய்ச்சல், வயிற்றோட்டம், தலைச்சுற்று என்று எழுதிக் கொடுப்பார்கள். ஒரே பிள்ளைக்கு மாதம் தவறாமல் வயிற்றோட்டம் வந்துகொண்டிருக்கும். பீடத்துக் கோப்பில் மாதவிடாய் என்ற காரணம் ஒரு தடவைகூடப் பதிவாகாது. பதிவாகாத பிரச்சினைக்காக யாரும் திட்டம் போட மாட்டார்கள், காசும் ஒதுக்க மாட்டார்கள்.

சரி, வலிக்கு வருவோம். மாதவிடாய் தொடங்கும்போது கருப்பையின் உட்சுவரில் புரொஸ்டாகிளாண்டின் என்ற இரசாயனம் சுரக்கிறது. அது கருப்பையைச் சுருங்க வைக்கிறது. அளவு கூடினால் சுருக்கம் பலமாகி, அந்தத் தசைக்குப் போகும் இரத்த ஓட்டம் குறைந்து வலி எடுக்கிறது. வாந்தி, வயிற்றுப்போக்கு, தலைவலி எல்லாம் அதே இரசாயனத்தின் வேலைதான். சிலருக்கு அதிகம் சுரக்கிறது, சிலருக்குக் குறைவு. உங்கள் ரூம்மேட் எழும்பிப் போவதற்கும் நீங்கள் சுருண்டு படுப்பதற்கும் பெரும்பாலும் இதுதான் காரணம்.

நம் ஊரில் பெரும்பாலானோர் செய்வது, வலி உச்சிக்கு ஏறும் வரை பொறுத்திருந்துவிட்டு இரண்டு பனடோல் போடுவது. பனடோல் இந்த வலியைக் கொஞ்சம்தான் கேட்கும். மெபனமிக் அசிட், இபுபுரோபன் போன்ற குளிசைகள் புரொஸ்டாகிளாண்டின் உருவாவதையே தடுப்பவை. அதனால் அவற்றை எப்போது போடுகிறோம் என்பதில்தான் விஷயமே இருக்கிறது. இரத்தம் காணத் தொடங்கியவுடன், அல்லது வரப்போகிறது என்று உடம்பு சொல்லும்போதே, சாப்பிட்டுவிட்டு முதல் குளிசையைப் போட வேண்டும். பிறகு டொக்டர் சொன்ன இடைவெளியில், முதல் இரண்டு நாளும் தவறாமல் தொடர வேண்டும். வலி முற்றிய பிறகு ஒன்றைப் போட்டுவிட்டு "எனக்கு இது கேட்காது" என்று விட்டுவிட்ட பிள்ளைகள் பலர். நேரத்தை மாற்றியவுடன் அதே குளிசை அவர்களில் பலருக்குக் கேட்டது.

இங்கே மூன்று எச்சரிக்கை. அல்சர், ஆஸ்துமா, சிறுநீரகக் கோளாறு இருந்தால் இந்தக் குளிசைகளை நீங்களாகப் போடக் கூடாது. வெறும் வயிற்றில் யாருமே போடக் கூடாது. அந்த நாட்களில் சாப்பாடு இறங்காது என்று தெரியும். ஒரு துண்டு ரொட்டி, ஒரு வாழைப்பழம், ஏதாவது உள்ளே போகட்டும். மூன்றாவது நம் நாட்டுக்கே உரியது. காய்ச்சலும் இருந்தால் இவற்றைத் தொடவே வேண்டாம். டெங்கு என்றால் மெபனமிக் அசிட்டும் இபுபுரோபனும் இரத்தக்கசிவைக் கூட்டி உயிருக்கே ஆபத்தாகலாம். கண்டிப் பக்கம் டெங்கு இல்லாத வருடம் கிடையாது. காய்ச்சலோடு மாதவிடாயும் சேர்ந்து வந்தால் பனடோல் மட்டும்தான், அதோடு உடனே மருத்துவ நிலையத்துக்குப் போக வேண்டும். வழக்கத்தைவிட அதிகமாக இரத்தம் போனால் அதையும் அங்கே சொல்ல வேண்டும்.

சூட்டு ஒத்தடத்தைக் கைவைத்தியம் என்று தள்ளிவிடாதீர்கள். அடிவயிற்றில் வைக்கும் இளஞ்சூடு நல்ல பலன் தருவது பரிசோதனைகளிலேயே தெரியவந்திருக்கிறது. ரப்பர் சுடுதண்ணீர்ப் பை பாமசிகளில் கிடைக்கும். இல்லாவிட்டால் சுடுதண்ணீர் தாங்கக்கூடிய போத்தலை நன்றாக மூடி, டவலில் சுற்றி வைத்துக்கொள்ளலாம். ஹட்டன், நுவரெலியாக் குளிரில் அது இரட்டிப்புச் சுகம்.

குளிசையும் சூடும் சரியாகச் செய்து மூன்று மாதமாகியும் எழும்ப முடியவில்லை என்றால், அதைச் சாதாரண வலி என்று விடக் கூடாது. வருடத்துக்கு வருடம் வலி கூடுவது, மாதவிடாய் இல்லாத நாட்களிலும் அடிவயிறு வலிப்பது, அந்த நாட்களில் மலம் சலம் கழிக்கும்போது குத்துவது, இவையெல்லாம் எண்டோமெட்ரியோசிஸ் என்ற நோயின் அடையாளமாக இருக்கலாம். கருப்பையின் உட்சுவர் போன்ற திசு கருப்பைக்கு வெளியே வளர்வதுதான் அது. உலகத்தில் பிள்ளை பெறும் வயதிலுள்ள பத்துப் பெண்களில் ஏறத்தாழ ஒருவருக்கு இருப்பதாக உலக சுகாதார ஸ்தாபனம் சொல்கிறது. "பொறுத்துக்கோ" என்று சொல்லிச் சொல்லியே அதைக் கண்டுபிடிக்க வருடக்கணக்காகிவிடுகிறது. வீ.ஓ.ஜீ. (பெண் நோயியல் நிபுணர்) கிளினிக்குக்கு ஒரு கடிதம் கேட்டு வாங்குங்கள். அரசாங்க ஆஸ்பத்திரியில் இதற்குக் காசு கட்டத் தேவையில்லை. அங்கே ஹோர்மோன் குளிசை தரலாம். கல்யாணம் ஆகாத பிள்ளைக்குக் குடும்பக் கட்டுப்பாட்டுக் குளிசையா என்று அம்மா பதறுவார். அது வலியையும் இரத்தப்போக்கையும் குறைக்கத் தருகிற மருந்து. அதைப் போட்டால் பிற்காலத்தில் பிள்ளை தங்காது என்ற பேச்சு உண்மை இல்லை.

அம்மாமார் "பொறுத்துக்கோ" என்பதையும் நான் குறையாகச் சொல்லவில்லை. காலையில் பெரட்டுக்கு (வேலைக்கு ஆள் பிரிக்கும் இடத்துக்கு) போய், மலையில் ஏறி, கொழுந்து நிறுத்து முடியும் வரை கக்கூஸ் என்ற ஒன்றே இல்லாத இடத்தில் அந்த நாட்களைக் கழித்தவர்கள் அவர்கள். ஒரு நாள் நின்றால் ஒரு நாள் பேர், அதாவது அன்றைய சம்பளம், போய்விடும். அவர்களுக்குப் பொறுப்பதைத் தவிர வேறு வழி இருக்கவில்லை. உங்களுக்கு இருக்கிறது. நீங்கள் அதைப் பிடித்துக்கொண்டால் அவர்களுக்கும் சந்தோஷம்தான்.

வலி அவ்வளவு இல்லை, ஆனால் இரத்தம் அதிகம் என்ற பிள்ளைகள் இன்னொரு ரகம். ஒரு மணி, இரண்டு மணி நேரத்துக்கொரு தடவை பேட் நனைகிறது, பெரிய கட்டியாகப் போகிறது, ஏழு நாளைத் தாண்டுகிறது என்றால் அது அதிகம். இவர்கள் லெக்சருக்குத் தவறாமல் வருவார்கள், ஆனால் மேசையில் தலை சாய்ந்துவிடும். படி ஏறினால் மூச்சு வாங்கும். பேராதனை மாதிரி ஒரு பக்கம் ஹந்தானைச் சரிவு, மறுபக்கம் மகாவலி என்று கிடக்கிற கம்பஸில் விடுதிக்கும் பீடத்துக்கும் ஏறி இறங்கும்போது அது நன்றாகவே தெரியும். எல்லாரும் சோம்பல் என்பார்கள். எப்.பி.சி. என்ற இரத்தப் பரிசோதனை செய்து பாருங்கள். ஹீமோகுளோபின் 12க்குக் கீழே இருந்தால் இரத்தச்சோகை. நம் பிள்ளைகளுக்கு இது வருவதில் பிளேன்டீக்கும் பங்கு இருக்கிறது. தேயிலையில் உள்ள பொருட்கள் சாப்பாட்டிலிருக்கும் இரும்புச்சத்தை உடம்பு எடுக்கவிடாமல் தடுக்கின்றன. ரொட்டியும் சம்பலும் சாப்பிட்டுக்கொண்டே ஒரு கோப்பை சாயத் தேத்தண்ணி குடிப்பது தோட்டத்து லயத்துப் பழக்கம், விடுதிக்கும் கூடவே வருகிறது. தேத்தண்ணியை விடச் சொல்லவில்லை, சாப்பிட்டு ஒரு மணித்தியாலம் கழித்துக் குடியுங்கள். சாப்பாட்டோடு கொய்யாவோ நெல்லியோ தேசிக்காய்ச் சாறோ சேர்ந்தால் இரும்புச்சத்து நன்றாக ஏறும். இரும்புக் குளிசையையும் தேத்தண்ணியோடு விழுங்கக் கூடாது.

இனி கம்பஸ். ஆய்வுகூடத்தில் மூன்று மணி நேரம் நின்றுகொண்டே செய்யும் பிரக்டிக்கல், இடையில் வெளியே போனால் அளவீடு தவறிவிடும், கேட்டால் நாற்பது பேர் முன்னால் கேட்க வேண்டும், போட்டிருப்பதோ வெள்ளைக் கோட். அந்த மூன்று மணி நேரமும் பிள்ளையின் பாதிப் புத்தி பின்பக்கம் கறை பட்டுவிட்டதா என்பதில்தான் இருக்கும். பின்னால் நிற்கும் தோழியைக் கண்ணாலேயே கேட்பாள். அவள் இலேசாகத் தலையை ஆட்டினால் மூச்சு வரும். இப்படிக் கழிகிற நேரத்தில் படிப்பு எங்கே நடக்கும்? பிரக்டிக்கலுக்கு நடுவில் அனுமதி கேட்காமல் பத்து நிமிடம் போய்வரலாம், விரும்பியவர் ஸ்டூலில் உட்கார்ந்து செய்யலாம் என்று முதல் நாளே எல்லாருக்கும் பொதுவாகச் சொல்லிவிட்டால் போதும். அப்படிச் சொன்ன விரிவுரையாளர்கள் இருக்கிறார்கள். அதற்குக் காசு ஒரு சதம் செலவில்லை.

களப்பயணம் இதைவிடக் கஷ்டம். விவசாயம், புவியியல், விலங்கியல் பிள்ளைகள் காலையில் பஸ்ஸில் ஏறினால் இருட்டும் வரை காடும் வயலும்தான். கக்கூஸ் எங்கே இருக்கிறது என்று யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. அதனால் பெண் பிள்ளைகள் தண்ணீரே குடிக்காமல் வருவார்கள், அப்புறம் தலைவலி, சலக்கடுப்பு. பயணத்தை ஒழுங்கு செய்பவர்கள் நிற்கும் இடங்களை முதலிலேயே எழுதிக் கொடுக்கலாம். முதலுதவிப் பெட்டிக்குள் ஒரு பக்கட் பேட்டும் சில பழைய பத்திரிகைத் தாளும் வைக்கலாம்.

கக்கூஸ் விஷயத்தில் நான் கண்ட ஒன்றைச் சொல்கிறேன். நான் இருந்த விடுதியில் மாதம் ஒரு தடவை பைப் அடைத்துக்கொள்ளும். "பேட்டைப் போட்டு அடைக்கிறீர்கள்" என்று பிள்ளைகளுக்கு ஏச்சு விழும். ஒரு நாள் இரவு நடந்து பார்த்தபோதுதான் விளங்கியது. முழு மாடிக்கும் ஒரே குப்பைத்தொட்டி, அதுவும் நடைபாதையின் மறுமுனையில், பொது டீவி அறைக்கு முன்னால். சுற்றிய பேட்டைக் கையில் பிடித்துக்கொண்டு எல்லார் கண் முன்னாலும் எந்தப் பிள்ளை அவ்வளவு தூரம் நடக்கும்? கக்கூஸ் ஒவ்வொன்றுக்குள்ளும் மூடி போட்ட சின்ன வாளி வைத்தோம். துப்புரவு செய்யும் அக்காவுக்குக் கையுறை வாங்கிக் கொடுத்து, நாள் தவறாமல் எடுக்க ஒழுங்கு செய்தோம். அடைப்பு நின்றுவிட்டது, ஏச்சும் நின்றுவிட்டது. உங்கள் விடுதியில் வாளி இல்லையென்றால் வோர்டனிடம் கேட்க வேண்டிய முதல் விஷயம் அதுதான்.

துணி பாவிக்கும் பிள்ளைகள் இன்னும் இருக்கிறார்கள். துணியில் தவறில்லை. சுத்தமாகத் தோய்த்து வெயிலில் நன்றாகக் காய வைத்தால் அது பாதுகாப்பானதுதான். ஆனால் மலைநாட்டில் ஜூன், ஜூலையில் வெயிலை எங்கே தேடுவது? மழையும் மூடுபனியுமாகக் கிடக்கும். விடுதிக் கொடியில் துணியை வெளிப்படையாகப் போட வெட்கப்பட்டு, கட்டில் கம்பியில் துவாய்க்குக் கீழே மறைத்து வைப்பார்கள். மூன்றாம் நாளும் தொட்டால் ஈரம் கையில் ஒட்டும், பழைய புழுங்கல் மணம் வரும். அடுத்த தடவை அதைத்தான் எடுப்பார்கள். அரிப்பும் புண்ணும் வருவது இதனால்தான். காய வைக்க ஒதுக்குப்புறமாக, காற்றோட்டமாக ஓர் அறை விடுதிக்குள் இருந்தால் இந்தப் பிரச்சினை தீர்ந்துவிடும். மழைக் காலத்தில் பேட்டுக்கு மாறுவது நல்லது. முடியாவிட்டால் துணியை அயர்ன் பண்ணி, முழுதாக உலர்த்தியாவது பாவியுங்கள். மாதவிடாய்க் கிண்ணம் (உள்ளே வைத்து இரத்தத்தைப் பிடிக்கும் சின்னக் கப்) ஒன்றை ஒரு தடவை வாங்கினால் பல வருடம் போகும், ஆனால் ஒவ்வொரு மாதமும் கொதிக்க வைக்க வேண்டும். மற்றவர்கள் கண்ணுக்குப் படாமல் ஒரு கேத்தலைப் பாவிக்க விடுதியில் வசதி இருப்பவர்கள் யோசித்துப் பார்க்கலாம்.

காசைப் பற்றிச் சொல்லாமல் இந்தப் பேச்சு முடியாது. இலங்கையில் இறக்குமதியாகும் பேட்டுக்கு 2018 வரை எல்லா வரியும் சேர்த்து 101.2 சதவீதம். அந்த வருடம் செப்டெம்பரில்தான் அது 62.6 ஆக இறங்கியது. பிறகும் குறைப்புகள் வந்தன, ஆனால் 2022 நெருக்கடியில் எல்லா விலையும் ஏறியது. மகாபொலப் புலமைப்பரிசில் பணத்தில் சாப்பாடு, போட்டோகொப்பி, பஸ் காசு பார்த்து, வீட்டுக்கும் ஐந்நூறு ஆயிரம் அனுப்புகிற பிள்ளை கடைசியாகத்தான் பேட்டுக்கு ஒதுக்குவாள். நான்கு மணி நேரத்தில் மாற்ற வேண்டியதை எட்டு மணி நேரம் வைத்திருப்பாள். 2024இல் வசதி குறைந்த பாடசாலை மாணவிகளுக்கு அரசாங்கம் 1200 ரூபா வவுச்சர் கொடுத்தது, நல்ல வேலை. ஏ.எல். முடித்துக் கம்பஸ் வாசலை மிதித்தவுடன் அந்தப் பிள்ளைக்குக் காசு வந்துவிடுகிறதா என்ன? ஸ்கொட்லாந்தில் 2021இல் சட்டமே போட்டு, பல்கலைக்கழகங்கள் இவற்றை இலவசமாக வைக்க வேண்டும் என்று ஆக்கிவிட்டார்கள். நம்மிடம் சட்டம் வரும் வரை காத்திருக்கத் தேவையில்லை. மாணவர் சங்கக் காசில், அல்லது வெளியேறிய பெட்ச் அக்காமாரிடம் கேட்டு, பெண்கள் கக்கூஸில் ஒரு பெட்டி வைக்கலாம். "தேவையானவர் எடுங்கள், முடிந்தவர் வையுங்கள்" என்று எழுதிவிட்டால் யாரும் யாரிடமும் கேட்க வேண்டியதில்லை.

வரவுக்கு வருகிறேன், உங்கள் பெரிய கவலை அதுதானே. பல பீடங்களில் 80 சதவீதம் இருந்தால்தான் பரீட்சைக்கு உட்காரலாம். ஒரு செமஸ்டருக்குப் பதினைந்து கிழமை. மாதம் இரண்டு நாள் போனால் ஏழெட்டு நாள். அதிலும் உங்கள் சுழற்சி ஒரே பாடத்தின் நாளில் திரும்பத் திரும்ப விழுந்தால் அந்தப் பாடத்தில் 80 தப்பிவிடும். இந்தியாவில் கொச்சின் விஞ்ஞான தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் 2023 ஜனவரியில், மாணவர் சங்கம் கேட்டதன் பேரில், மாணவிகளுக்கு ஒவ்வொரு செமஸ்டரிலும் 2 சதவீத வரவுச் சலுகை கொடுத்தது. அதே மாதத்தில் கேரள அரசு மற்ற மாநிலப் பல்கலைக்கழகங்களுக்கும் அதை விரித்தது. அங்கே 75 தேவை, மாணவிகளுக்கு 73 போதும். சான்றிதழ் எடுக்க அலைய வேண்டியதில்லை. நமக்கும் இதுதான் சரியான வழி என்பது என் அபிப்பிராயம். மாதாமாதம் ஒவ்வொரு பிள்ளையும் டொக்டரிடம் போய்த் தன் வலியை நிரூபிக்கச் சொல்வது கொடுமை. சங்கத்தில் பெண் பிரதிநிதிகள் இதைப் பீடச் சபைக்கு எழுத்தில் கொடுக்க வேண்டும். நம் பல்கலைக்கழகங்களில் படிப்பவர்களில் பாதிக்கு மேல் பெண்கள். அந்தக் கடிதத்தைத் தூக்கி எறிவது லேசான காரியம் இல்லை.

அது நடக்கும் வரை உங்களுக்கு இருக்கிற வழி மெடிக்கல் (மருத்துவச் சான்றிதழ்) போடுவது. வலி உள்ள அன்றே பல்கலைக்கழக மருத்துவ அதிகாரியிடம் போங்கள். மூன்று நாள் கழித்து நன்றாக நடந்து போய்க் கேட்டால் கிடைக்காது. காரணத்தை மறைக்காமல் சொல்லுங்கள். இரண்டு மூன்று மாதம் அந்த அட்டையில் ஒரே காரணம் பதிந்திருந்தால், பிறகு வரவு பற்றிப் பேச வேண்டி வரும்போது கையில் சாட்சி இருக்கும். பரீட்சையைத் தவறவிடுவது கடைசி வழியாக இருக்கட்டும். மெடிக்கல் ஏற்கப்பட்டால் அடுத்த தடவை முதல் முயற்சியாக எழுதலாம். ஏற்கப்படாவிட்டால் ரிப்பீட், பல பீடங்களில் எவ்வளவு நன்றாக எழுதினாலும் புள்ளி சீ தரத்தைத் தாண்டாது. அதனால் உங்கள் பீடக் கையேட்டில் எத்தனை நாளுக்குள், யாரிடம் கொடுக்க வேண்டும் என்பதை இன்றைக்கே பாருங்கள்.

பரீட்சைக்காகத் தள்ளிப்போடும் குளிசை எடுக்கலாமா என்று அடுத்துக் கேட்பீர்கள். கோவில் திருவிழாவுக்கும் கல்யாண வீட்டுக்கும் பாமசியில் வாங்கிப் போடுகிறார்களே, அது நோரெதிஸ்டெரோன். வழக்கமாக, வர வேண்டிய திகதிக்கு மூன்று நாள் முன்னால் தொடங்குவார்கள், நிறுத்தி இரண்டு மூன்று நாளில் மாதவிடாய் வரும். எப்போதாவது ஒரு தடவை, டொக்டரிடம் கேட்டு எடுப்பதில் பெரிய பிழையில்லை. இரத்தம் உறைந்த வரலாறு, ஈரல் நோய், கடுமையான மைக்ரேன் இருப்பவர்களுக்குக் கூடாது. தலைச்சுற்று, மார்பக வலி, மனச்சோர்வு சிலருக்கு வரும். அதைப் பரீட்சை மண்டபத்தில் முதன்முதலாகச் சந்திக்கக் கூடாது. செமஸ்டர் முழுவதும் பரீட்சை இருக்கிறது, ஒவ்வொரு தடவையும் தள்ளிப்போட முடியாது. வலியை அடக்கும் ஒழுங்கைப் பரீட்சைக்கு முந்திய இரண்டு மாதத்திலேயே பழகிக்கொள்வதுதான் கைகொடுக்கும்.

கோவில் என்றதும் ஒன்று ஞாபகம் வருகிறது. பேராதனையில் தமிழ்ப் பிள்ளைகளுக்குக் குறிஞ்சிக் குமரன் கோவில் சாமி கும்பிடும் இடம் மட்டுமில்லை, ஊர்க்காரரைக் காணும் இடமும்தான். நவராத்திரிக்கு ஒருத்தி வரவில்லை என்றால் ஏன் என்று எல்லாருக்கும் தெரிந்துவிடும். போவதும் போகாததும் அவரவர் நம்பிக்கை, நான் அதில் தலையிடவில்லை. "ஏன் வரவில்லை" என்று ஆண் பிள்ளைகள் முன்னால் கேட்பதை மட்டும் நிறுத்தலாம். அதேபோல ரூமுக்குள் "என் சாமிப் படத்துக்குப் பக்கத்தில் வராதே" என்று ஒதுக்குவதும் நடக்கிறது. வலியோடு இருப்பவளுக்கு அந்த நேரத்தில் தேவை ஒரு கோப்பை சுடுதண்ணீரும், லெக்சர் நோட்டும்.

முதல் வருடத்துத் தங்கைகளுக்கு இன்னொன்று. சீனியர்கள் உடையில் கட்டுப்பாடு போடுவதும், இருட்டிய பிறகு மணிக்கணக்கில் நிற்க வைப்பதும் சில இடங்களில் இன்னும் இருக்கிறது. அந்த நாட்களில் அது வதைதான். பகிடிவதை 1998ஆம் ஆண்டு 20ஆம் இலக்கச் சட்டப்படி குற்றம். மாணவர் ஆலோசகரிடமோ சப்-வோர்டனிடமோ சொல்லுங்கள், தனியாகப் போகப் பயமென்றால் இரண்டு பேராகப் போங்கள்.

மாதவிடாய்க்கு முந்திய கிழமையில் மனம் அடியோடு இடிந்து, காரணமில்லாமல் அழுகை, உயிரை விடலாம் போன்ற எண்ணம் வந்து, இரத்தம் கண்டவுடன் அது விலகிப் போகிறது என்றால், அதுவும் பெயருள்ள, வைத்தியமுள்ள நோய்தான். 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்துக்கு எந்த நேரமும் பேசலாம்.

இப்போது நீங்கள் செய்ய வேண்டியது. போனில் அல்லது கொப்பியில் இந்த மாதத்தில் இருந்து குறியுங்கள்: எந்தத் திகதியில் தொடங்கியது, எத்தனை பேட் நனைந்தது, வலி பத்துக்கு எத்தனை, எந்த மணிக்கு எந்தக் குளிசை போட்டீர்கள், எந்த லெக்சர் தவறியது. டொக்டர் ஆண், பேசுவது சிங்களம் என்றால் நம் பிள்ளைகளுக்கு நாக்கு எழும்பாது, "வயிற்று வலி" என்று மட்டும் சொல்லிவிட்டு காஸ்டிரிக் மருந்தோடு திரும்பி வருவார்கள். ஆகவே குறித்ததை ஒரு தாளில் எழுதி, சிங்களம் நன்றாகத் தெரிந்த தோழியைக் கொண்டு மொழிபெயர்த்து, அந்தத் தாளையே மேசையில் வைத்துவிடுங்கள். பெண் டொக்டர் இருக்கும் நாள் எது என்று மருத்துவ நிலையத் தாதியிடம் கேட்டால் சொல்வார்கள். போகும்போது அந்தத் தோழியையும் கூட்டிக்கொண்டு போங்கள், தாளைப் படித்த பிறகு டொக்டர் கேட்கிற கேள்விகளுக்குப் பதில் சொல்ல தோழி பக்கத்தில் இருந்தால் நல்லது.